60 என்ற எண்ணைக் கட்டுரை விட்டுவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏன் நிறைவேறுவதில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிக் கொலைகளைப் பற்றிய பகுதியை மிகையில்லாமல் எழுதியிருந்தார்கள். ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கு வந்ததும், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைபிள் சங்கம் (என்.ஆர்.ஏ.) செனட்டர்களை விலைக்கு வாங்கிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஹூஸ்டனில் குடியிருந்து இங்கேயே வாக்களிக்கிறவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கால் பங்கு உண்மை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தச் சங்கத்தின் சமீபத்திய நிலைமையைப் பாருங்கள். 2021 ஜனவரியில் திவால் மனு போட்டது. நல்லெண்ணத்தோடு போட்ட மனு அல்ல என்று டாலஸ் நீதிபதி மே மாதமே தள்ளுபடி செய்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் சங்கத்தைக் கையில் வைத்திருந்த வேய்ன் லாபியேர் 2024 ஜனவரியில் விலகினார். சங்கத்தின் பணத்தை முறைகேடாகச் செலவழித்தார் என்று அடுத்த மாதமே நியூயார்க்கில் ஜூரி சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பிலும் காசுக்குக் குறைவில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்று போராடுகிறவர்களுக்கு 5 கோடி டாலர் தருவதாக நியூயார்க்கின் முன்னாள் மேயரும் கோடீஸ்வரருமான மைக்கேல் புளூம்பெர்க் 2014-இலேயே அறிவித்தார். காசுதான் காரணம் என்றால், சங்கம் இப்படிப் படுத்துக் கிடந்த வருடங்களில் மசோதாக்கள் வரிசையாக நிறைவேறியிருக்க வேண்டும் அல்லவா?

கட்டுரையில் எங்கும் வராத ஒரு எண் 60. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மொத்தம் 100 பேர். ஒரு மசோதா மேல் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக வேண்டுமானால் 60 பேர் சம்மதிக்க வேண்டும். ஃபிலிபஸ்டர் என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். இது அரசியல் சாசனத்தில் இல்லை. செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி.

2013 ஏப்ரல் 17-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சினும், பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் பேட் டூமியும் சேர்ந்து, அப்போது செனட்டில் இருந்த துப்பாக்கி மசோதாவுக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மான்சின் துப்பாக்கிக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. தன் தேர்தல் விளம்பரத்திலேயே ரைபிளை எடுத்து, தனக்குப் பிடிக்காத ஒரு மசோதாவைச் சுட்டுக் காட்டியவர் அவர். அவர்கள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. உரிமம் பெற்ற கடைக்காரர் விற்றால் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. துப்பாக்கிச் சந்தையிலும் இணைய விளம்பரம் வழியாகவும் தனி ஆட்கள் விற்பதற்கு அது கிடையாது. அதற்கும் சரிபார்ப்பு வேண்டும் என்றார்கள்.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று டெக்சஸ்காரர்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்ட் 31-இல் மிட்லண்ட், ஒடெஸா ஊர்களில் காரில் போய்க்கொண்டே சுட்டு 7 பேரைக் கொன்றவன், 2014-இல் கடையில் வாங்கப் போய் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டவன். அப்புறம் லபக்கைச் சேர்ந்த ஒரு தனி ஆளிடம் கேள்வியில்லாமல் வாங்கிக்கொண்டான்.

சரி, அன்று வாக்கெடுப்பு என்ன ஆனது? ஆதரவு 54, எதிர்ப்பு 46. திருத்தம் தோற்றது! அன்றைக்கு வரும் திருத்தங்களுக்கெல்லாம் 60 வாக்கு வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. அந்த நேரத்துக் கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் சரிபார்ப்பை ஆதரித்தார்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அதே நாளில் எங்கள் டெக்சஸ் செனட்டர் ஜான் கார்னினும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒரு மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல அனுமதி பெற்றவருக்கு, அப்படி அனுமதி தருகிற மற்ற மாநிலங்களிலும் அந்த அனுமதி செல்லுபடியாக வேண்டும் என்பது அது. அதற்கு ஆதரவு 57, எதிர்ப்பு 43. மான்சின்-டூமி திருத்தத்தைவிட மூன்று வாக்கு அதிகம்! அதுவும் 60 இல்லாமல் தோற்றது. 2017 டிசம்பரில் இதே நோக்கமுள்ள மசோதா பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்று நிறைவேறி, செனட்டில் அப்படியே கிடந்து போனது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இங்கே என் நண்பர்கள் பலரும் '60 விதியை ஒழித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள். அந்த விதி இரண்டு பக்கமும் போட்டிருக்கிற தாழ்ப்பாள். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடையில்லாத 21 வயதானவர்கள் எந்த உரிமமும் இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். 2017 மசோதா செனட்டிலும் நிறைவேறியிருந்தால், இங்கே எந்தப் பயிற்சியும் எடுக்காத ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு நியூ ஜெர்சி எடிசனுக்குப் போய் நம்மவர்கள் கடைத்தெருவில் நடக்கலாம், அந்த மாநிலம் ஒன்றும் செய்ய முடியாது. எடிசனில் பிள்ளைகள் இருக்கும் உங்கள் வாசகர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

2025-இல் இது கண்முன்னாலேயே நடந்தது. அதிபர் டிரம்ப்பின் பெரிய வரி மசோதாவோடு சேர்த்து, துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவிகளை 1934-ஆம் வருடச் சட்டத்தின் பதிவுமுறையிலிருந்தே எடுத்துவிடப் பார்த்தார்கள். பட்ஜெட் மசோதாவுக்கு 60 தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த வழியாக நுழைக்கப் பார்த்தார்கள். பதிவை நீக்குவது பட்ஜெட் விஷயம் இல்லை என்று செனட்டின் விதி ஆலோசகர் சொல்லிவிட்டார். கடைசியில் அந்தக் கருவிகள் மேல் இருந்த 200 டாலர் வரியை மட்டும் பூஜ்ஜியமாக்கினார்கள், பதிவு தப்பியது. ஆகவே இன்றைய செனட்டில் 60 விதியை எடுத்தால் முதலில் எது நிறைவேறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குப் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும். ஆனால் செனட்டில் ஆட்களை மாற்றாமல் விதியை மட்டும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

ஆட்கள் ஏன் மாறுவதில்லை? பத்தில் ஒன்பது பேர் கருத்துக்கணிப்பில் ஆமாம் என்கிறார்கள், ஆனால் வாக்களிக்கும்போது விலைவாசி, வரி, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ பார்த்துப் போடுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் சிலர் துப்பாக்கி ஒன்றை மட்டும் பார்த்துப் போடுகிறார்கள். இதில் சிக்கியவர்களில் நான் எப்போதும் சொல்வது ஜாக் புரூக்ஸ் கதை. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் போமான்ட். அங்கிருந்து 42 வருடம் பிரதிநிதிகள் சபையில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர். சபையின் நீதிக் குழுத் தலைவர். 1994-இல் ராணுவ பாணி ரைபிள்களுக்குத் தடை வந்தபோது, அதைக் குற்றத் தடுப்பு மசோதாவிலிருந்து எடுக்கத் தன்னால் ஆனதைச் செய்தார். முடியவில்லை. மற்ற அம்சங்களுக்காக மொத்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். நவம்பர் தேர்தலில் தோற்றார். அவரோடு சபாநாயகர் டாம் ஃபோலியும் தோற்றார், கட்சி 54 இடங்களை இழந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் வாஷிங்டனில் எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம் துப்பாக்கிதான். பத்து வருடக் கெடு வைத்து வந்த அந்தத் தடை 2004 செப்டம்பரில் காலாவதியானபோது, அதை நீட்டிக்கும் முயற்சி நிறைவேறவில்லை.

2022-இல் ஒரு சட்டம் நிறைவேறியதே என்று கேட்கலாம். ஆம். மே 24-இல் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து என்.ஆர்.ஏ. தன் ஆண்டு மாநாட்டை ஹூஸ்டனில் நடத்தியது. வெளியே போராட்டம், உள்ளே துப்பாக்கிக் கண்காட்சி. அடுத்த மாதம் அதே அரங்கில் மாநிலக் குடியரசுக் கட்சி மாநாடு. அங்கே பேச வந்த கார்னினைச் சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சல் போட்டு எதிர்த்தார்கள். யுவால்டிக்குப் பிறகு மசோதா பேச்சுவார்த்தையில் உட்கார்ந்ததுதான் அவர் செய்த குற்றம். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் வாங்கும்போது கூடுதல் சரிபார்ப்பு, ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் மாநிலச் சட்டங்களுக்குப் பணம், காதலியை அடித்துத் தண்டனை பெற்றவருக்குத் தடை என்று துப்பாக்கி பற்றி மசோதாவில் இருந்த முக்கிய அம்சங்கள் இப்படிச் சிறியவைதான். செனட்டில் 65-க்கு 33 என்று நிறைவேறி, ஜூன் 25-இல் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்டார்.

ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் 15 பேர். அவர்களில் அந்த வருடம் தேர்தலில் நின்றவர்கள் இரண்டே பேர்: அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி, இந்தியானாவின் டாட் யங். டூமி உள்பட நான்கு பேர் ஓய்வு பெறப் போகிறவர்கள். மற்றவர்களுக்குத் தேர்தல் இன்னும் இரண்டு அல்லது நான்கு வருடம் கழித்து. இவர்கள் பயப்படுவது என்.ஆர்.ஏ.வின் காசோலைக்கு என்று நான் நம்பவில்லை. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வரிசையில் முதலில் வந்து நிற்கிற வாக்காளருக்குத்தான் பயப்படுகிறார்கள்.

நீதிமன்றமும் ஒரு தடை என்று கட்டுரை சொன்னது சரியே. அதோடு ஒன்றைச் சேர்க்கலாம். லாஸ் வேகாஸ் படுகொலைக்குப் பிறகு, ரைபிளை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் 'பம்ப் ஸ்டாக்' கருவியை டிரம்ப் அரசே விதி போட்டுத் தடை செய்தது. 2024 ஜூன் 14-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதை ரத்து செய்தது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டத்தைத் திருத்தலாமே என்று நீதிபதி அலிட்டோ தனியாக எழுதினார். நான்கு நாள் கழித்து செனட்டில் அதற்கான மசோதாவை, ஒருவரும் ஆட்சேபிக்காவிட்டால் உடனே நிறைவேறும் முறையில் கொண்டுவந்தார்கள். நெப்ராஸ்காவின் பீட் ரிக்கெட்ஸ் ஆட்சேபம் தெரிவித்தார், நின்றுபோனது.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு மசோதா பற்றிய செய்தி போடும்போது, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று மட்டும் போடாமல், கட்சி மாறி வாக்களித்த செனட்டர்களின் பெயரையும் பக்கத்திலேயே அவரவருடைய அடுத்த தேர்தல் வருடத்தையும் அச்சிடுங்கள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சஸ்