ஆலைச் சங்கும் சனிக்கிழமைப் பிற்பகலும்

மதுரை

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். உன் மூட்டுவலி தணிந்ததும், மருமகள் வேலையில் சேர்ந்ததும் அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நீராவி எந்திரமே உலகைப் புரட்டிப் போட்டது என்று எழுதியிருந்தாய். மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அங்கு நடந்த அரசியலில் பெரும்பகுதி நேரத்தைப் பற்றிய வழக்காகவே எனக்குப் படுகிறது. தறி வீட்டில் இருந்தவரை, நெசவாளி திங்கட்கிழமை ஓய்ந்திருந்துவிட்டு வாரக் கடைசியில் இராப்பகலாய் நெய்து கணக்கை முடிப்பதுண்டு. ஆலை வந்தபின் அதற்கு இடமில்லை. விடியுமுன் நீண்ட கழியால் சன்னலைத் தட்டி எழுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட ஆட்கள் தெருவுக்குத் தெரு தோன்றினார்கள்.

அந்த நேரத்திலும் திருட்டு இருந்தது. சில முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னும் மாலையில் பின்னும் தள்ளி வைத்தார்கள். தொழிலாளி சொந்தக் கடிகாரம் கொண்டுவருவதே அங்கெல்லாம் குற்றம். 1844ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நேரத்தைப் பொதுக் கடிகாரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று விதித்தது என்றால், முறைகேடு எவ்வளவு பரவியிருந்திருக்கும் பார். அதற்கு முந்தைய 1833ஆம் ஆண்டுச் சட்டம் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் தடுத்தது. ஆனால் பிறப்புப் பதிவே இல்லாத காலம் அது. பையனின் உடற்கட்டைப் பார்த்து மருத்துவர் கொடுக்கும் சீட்டுதான் வயதுக்குச் சான்று! சட்டம் நடக்கிறதா என்று பார்க்க நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்களோ நால்வர்.

இவற்றை எதிர்த்து வாக்களிக்கத் தொழிலாளிக்கு உரிமையில்லை. 1819 ஆகஸ்ட் 16 அன்று சீர்திருத்தம் கேட்டு மான்செஸ்டரில் கூடிய பெருங்கூட்டத்தின்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. 1842இல் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் (சார்ட்டிஸ்டுகள்) கொடுத்த மனுவை நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. வாக்குரிமைக்கு முன்பே, 1847இல், பத்து மணி நேரச் சட்டம் வந்தது. அது பெண்களுக்கும் இளையோருக்கும் மட்டுமே. எனினும் அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் பயன் கிட்டியது. முதலாளிகள் முறை மாற்றி ஆள் வைத்து அதை ஏய்க்கவே, 1850ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற நாட்களில் வேலை நேரத்தை அரைமணி கூட்டினாலும், சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பெண்கள், இளையோர் வேலையை நிறுத்தச் செய்தது.

என்னை மிகவும் கவர்ந்தது அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல்தான். கால்பந்தாட்டம் மக்கள் விளையாட்டாக வளர்ந்தது அதில்தான். 1883இல், நெசவாளிகளும் ஆடிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, மேட்டுக்குடியினரின் ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்களின் அணியை 2-1 என வென்று இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பையை (எஃப்.ஏ. கோப்பை) கைப்பற்றியது. 1888இல் தொடங்கிய கால்பந்து லீக்கின் 12 அணிகளில் 6 லங்காஷயரைச் சேர்ந்தவை. பண்பாட்டு மாற்றம் என்று பெரிய சொற்களில் பேசுகிறோம். அதற்கு முதலில் ஓய்ந்த ஒரு பிற்பகல் வேண்டியிருந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. 1918 ஏப்ரலில், பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, மதிய உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது.

உன் தந்தையார் கோவையில் மில் வேலையில் இருந்தவர் அல்லவா? அவர் காலத்தில் சங்கு எத்தனை மணிக்கெல்லாம் ஊதியது, ஷிப்டு மாறும் வாரங்களில் வீட்டில் சமையலும் உறக்கமும் எப்படி மாறின என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது. அம்மாவையும் கேட்டு எழுது. இதில் அவர் நினைவுதான் துல்லியமாக இருக்கும்.

அன்புடன்,
இராமலிங்கம்