412/7

கும்பகோணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பிராக் எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருந்தது பாப்பா" என்று சொல்லி முடித்துவிட்டேன். இப்போது சம்பந்தி வீட்டாருக்கும் அங்கே நாங்கள் தங்கிய அதே வாடகை வீட்டைப் பார்க்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

முதலில் அந்த விலாசம். நீ அனுப்பியதில் 412/7 என்று இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? 412-இல் ஏழாவது உட்பிரிவு, அவ்வளவுதான். தெருவில் 412-ஐத் தேடினால் எண்கள் வரிசையாக வரவே இல்லை. பெட்டியின் சக்கரம் வேறு கல்லுக்குக் கல் தடுக்கிக் குதிக்கிறது. தெருவில் பாவியிருக்கும் அந்த உருண்டைக் கற்களைச் செக்காரர்கள் 'பூனைத்தலை' என்கிறார்கள். சரியான பெயர்தான். ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் தொங்கிய சாவிப்பெட்டியில் நாலு எண்ணைத் திருகிச் சாவியை எடுத்து, ஏழாம் எண் கதவைத் தேடி மாடி மாடியாக ஏறினேன். அந்தக் கட்டடத்தில் இருப்பதே ஆறு கதவு. அம்மா உன் மெசேஜைத் திரும்பப் படித்து, "மூணாவது மாடி, இடது பக்கம்னு தெளிவா எழுதியிருக்காளே" என்றாள்.

மறுநாள்தான் விளங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பலகை. சிவப்பில் இருப்பது அந்தப் பகுதி முழுவதற்குமான வீட்டு எண். நீலத்தில் இருப்பது தெரு எண், ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. 412 சிவப்பு, 7 நீலம். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று எழுதுகிறார்களே, அதற்கு அண்ணன் முறை. மரியா தெரசா ராணி 1770-இல் படைக்கு ஆள் கணக்கெடுக்கத்தான் வீடுகளுக்கு எண் போடச் சொன்னாளாம். அதற்கு முன்னால் வாசலில் செதுக்கிய அடையாளம்தான் விலாசம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீட்டு நெற்றியில் மூன்று பிடில்களை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். நானும் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

இப்போது முக்கியமான விஷயம். அங்கே மூன்றாவது மாடி என்றால் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று. லிப்ட் கிடையாது. அறுபத்துநாலு படி, எண்ணிவிட்டேன். சுற்றிச் சுற்றி ஏறும் கல்படி, நடுவில் காலடி பட்டுத் தேய்ந்து கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு இது ஆகவே ஆகாது.

ஏறிவிட்டால் மட்டும் சொர்க்கம். இரட்டை ஜன்னல், நடுவில் ஒரு சொம்பு வைக்குமளவு இடைவெளி. அம்மா கொண்டுவந்த அலுமினியக் குக்கரை அந்த இன்டக்‌ஷன் அடுப்பு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அங்கிருந்த எவர்சில்வர் பாத்திரத்திலேயே சாதம் வடித்தாள். ரேடியேட்டர் பக்கத்தில் பால் கிண்ணத்தை வைத்தாள், காலையில் தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. பிராக் நகரத்துக்கே பெருமையான 1410-ஆம் வருஷத்துக் கடிகாரத்தை விட அந்தத் தயிரைத்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். (கடிகாரத்தில் மணிக்கொரு தரம் எலும்புக்கூடு ஒன்று மணியடிக்கிறது. பார்த்தோம்.)

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. வாசலில் ஆறு அழைப்பு மணி. ஐந்தில் வெறும் எண், ஒன்றில் மட்டும் மனிதர் பெயர். மற்ற ஐந்தும் எங்களைப் போல வந்து போகிறவர்களுக்கு. ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டி உருளும் சத்தம் கேட்கும், காலையில் வேறு முகம். அந்த ஒற்றைப் பெயர்க்காரி முதல் மாடிப் பாட்டி. நான் பிளாஸ்டிக் பாட்டிலை நீலத் தொட்டியில் போட்டதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எடுத்து மஞ்சளில் போட்டாள். நீலம் காகிதத்துக்காம். எத்தனை பேருக்கு இப்படி எடுத்துப் போட்டிருப்பாளோ. ஐந்து நாளும் எனக்கு அவள் வீட்டுத் திண்ணையில் அனுமதி கேட்காமல் படுத்திருப்பது போலவே இருந்தது.

அதனால் சம்பந்திக்கு வினோஹ்ரதி பக்கம், லிப்ட் உள்ள வீடாகப் பார். நாமியெஸ்தி மீரு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் மூஸ்தெக் இரண்டாவது நிறுத்தம், அங்கிருந்து அந்தக் கடிகாரம் இருக்கும் பழைய சதுக்கம் நடக்கிற தூரம்தான். அந்தப் பக்கம் குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள், பால் ரொட்டியும் பக்கத்திலேயே கிடைக்கும்.

கிளம்பின காலையில் சாவியைப் பெட்டியில் போட்டுப் பூட்டியதும் போய்வருகிறேன் என்று சொல்ல ஆளில்லை. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பெயர் இருந்த மணியை அழுத்தி, மிச்சமிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பாட்டி கையில் கொடுத்தாள். பாட்டி ஒன்றை அங்கேயே கடித்தாள், ஏதோ சொன்னாள், நமக்கு எங்கே புரிகிறது. மியூனிக்கிலிருந்து நீ அந்தப் பக்கம் போனால் முதல் மாடி மணியை அழுத்தி, முறுக்கு பிடித்திருந்ததா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா