தோட்ட வேலைக்கு உதவாத ரப்பர் பூட்ஸ்: பணத்தையும் நட்டஈட்டையும் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடையில் இரண்டு முறை சொன்னேன், ஈப்போ கிளைக்கு இரண்டு முறை நேரில் போனேன், தொலைபேசியில் எண்ண முடியாத அளவுக்குச் சொல்லியாகிவிட்டது. வாயால் சொன்னது போதும் என்றுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

கடந்த செப்டம்பரில், மழை தொடங்கும் முன், எங்கள் ஊர்க் கடையில் உங்கள் நிறுவனத்தின் கறுப்பு பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கினேன். என் கணவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஜோடி 89 வெள்ளி (ரிங்கிட்). மஞ்சள் அடிப்பாகம் உள்ளது. எது என்று உங்களுக்கே தெரியும். கடை முகப்பில் 'தோட்ட வேலைக்கு உகந்தது' என்று தமிழிலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தீர்கள். அதைப் படித்துத்தான் உள்ளே போனேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவள் அல்ல நான். தடித்த காலுறை போட்டுத்தான் அளவு பார்த்தோம். நடக்கும்போது குதிகால் உள்ளே தூக்கினால் அரை நாளில் கொப்புளம் வந்துவிடும். அதனால் என் கணவரைக் கடைக்குள்ளேயே பலமுறை நடக்கவைத்தேன். முழங்காலுக்குப் பின்னால் விளிம்பு அறுக்கிறதா என்று பார்க்கக் குந்தி உட்காரவைத்தேன். கெண்டைக்கால் பக்கம் இரண்டு விரல் நுழைய இடம் இருந்தது. அடிப்பாகத்துப் பள்ளங்கள் ஆழமாக இருந்தன. களிமண் அப்பிக்கொள்ளாது என்று நம்பினேன். உள்ளே தகடு இருக்கிறதா என்பதை மட்டும் கண்ணால் பார்க்க முடியவில்லை, அதனால் வாய் திறந்து கேட்டேன். "முள்ளும் ஏறாது, ஆணியும் ஏறாது, அடியில் இரும்புத் தகடு இருக்கிறது" என்றார் உங்கள் விற்பனையாளர்.

நான்காவது வாரம் செம்பனை (எண்ணெய்ப் பனை) முள் அந்த அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு என் கணவரின் பாதத்தில் இறங்கியது. வெட்டிப்போட்ட மட்டையின் அடியில் இருக்கும் முள் எப்படிப்பட்டது என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரியுமா? சீழ் பிடித்து 11 நாள் வேலைக்குப் போகவில்லை. தீபாவளிச் செலவுக்கென்று சேர்த்து வைத்தது முழுவதும் கிளினிக்குக்குப் போனது. இந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளியே இல்லை, குடும்பமே நொடித்துப்போய்விட்டது. என்னுடைய ஜோடியும் கணுக்கால் மடியும் இடத்தில் வெடித்துத் தண்ணீர் உள்ளே வருகிறது.

ஈப்போவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகன் பூட்ஸைத் திருப்பிக் காட்டினான். எஸ்4 என்ற பாதுகாப்புக் குறியீடு பதித்திருக்கிறது. முள், ஆணி ஏறாத அடித்தகடு இருந்தால் எஸ்5 என்று இருக்க வேண்டும். எஸ்4-இல் விரல்களுக்குக் கவசம் உண்டு, அடியில் தகடு கிடையாது. குலை காலில் விழுந்தால் அந்தக் கவசம் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் நீங்களே பதித்த குறியீட்டின் பொருள் உங்கள் ஆளுக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தே சொன்னாரா?

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியரைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். "அம்மா, தோட்டம் என்றால் வீட்டுப் பூந்தோட்டம். எஸ்டேட்டில் போடச் சொன்னது யார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு தமிழச்சிக்குத் தோட்டம் என்றால் என்னவென்று அவர் சொல்லிக்கொடுக்கிறார்! நான் பிறந்தது தோட்டத்தில். படித்தது தோட்டத்துப் பள்ளியில். என் அப்பாவை அடக்கம் செய்தது தோட்டத்தில். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு விரலில் கவசம் எதற்கு? அதற்கு அவரிடம் பதில் இல்லை. உடனே பேச்சை மாற்றி, "ரப்பரைப் பராமரிக்கத் தெரியாமல் வெயிலில் போட்டிருப்பீர்கள்" என்றார்.

31 வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவள் நான். இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய், பால் எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்த கை இது. நாட்டின் முதல் ரப்பர் மரங்கள் 1877-இல் நடப்பட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. கித்தா (ரப்பர்) வெயிலில் கிடந்தால் வெடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தினமும் சேற்றைக் கழுவி, நிழலில் கவிழ்த்துத்தான் வைத்தேன். இன்னொன்றும் சொல்கிறேன்: வெடித்த இடத்தை முகர்ந்து பார்த்தேன். கித்தா வாடையே இல்லை, பிளாஸ்டிக் வாடைதான். பெட்டியின்மேல் 'இயற்கை ரப்பர்' என்று எப்படிப் போட்டீர்கள்?

முதலில் ஈப்போவுக்குப் போகச் சொன்னவர் உங்கள் கடைக்காரர்தான். நொண்டும் மனிதரைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனால், சரக்குக் கணக்கெடுப்பு என்று கதவு பூட்டியிருந்தது. முன்கூட்டியே சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. வாசல் காவலாளி மட்டும் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்; அந்த மனிதருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மறுமுறை போனபோது ரசீதில் எழுத்து மங்கிவிட்டது, செல்லாது என்றார்கள். ஒரு மாதத்தில் அழிந்துபோகும் மையில் ரசீது கொடுப்பது உங்கள் கடை, குற்றவாளி நானா?

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கம் அல்ல. தயவுசெய்து 14 நாட்களுக்குள் இரண்டு ஜோடியின் விலை 178 வெள்ளியையும், கிளினிக் செலவு, பஸ் கட்டணம், 11 நாள் சம்பளம், எங்கள் மன உளைச்சல் எல்லாவற்றுக்குமாக 3,000 வெள்ளியையும் தாருங்கள். தொலைபேசியில் பேசிய அந்த ஊழியர் என் கணவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

தராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். மனு போட 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-வது பிரிவை என் மகன் வாசித்துக் காட்டினான். விற்கும் சரக்கு ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவ்வளவு தூரம் என்னை இழுக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு ஜோடியையும், பெட்டியையும், காலிலிருந்து எடுத்த முள்ளையும் சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமானால் உங்கள் ஆளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். ஈப்போவுக்கு இனி நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்