பதினேழாம் எண் படம் பற்றி

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் கொள்ளைக்கார ஈக்களின் பெயர் கேட்டு நீ அனுப்பிய முப்பத்தொரு படங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். கண்புரை அறுவைக்குப் பிறகு நெடுநேரம் திரையைப் பார்க்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருப்பதால், நாளுக்கு ஐந்தாறு படங்களாகத்தான் பார்க்க முடிந்தது. அதுவும் நல்லதாயிற்று, முதல் நாள் குறித்த பெயர்களில் பாதியை மறுநாள் நானே அடித்துவிட்டேன்.

மூங்கில் கழியில் தேனீயைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் பதினேழாம் எண் ஈக்கு உன் கைப்பேசிச் செயலி அசிலஸ் கிராப்ரோனிஃபார்மிஸ் என்று பெயர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது ஐரோப்பாவின் மேய்ச்சல் நிலங்களில் மாட்டுச் சாணத்தை அண்டி வாழும் ஈ. தாமிரபரணிக் கரையிலுள்ள உன் தோட்டத்திற்கு அது வர வழியில்லை. உன்னுடையது ப்ரோமேக்கஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நிறத்தையோ முகத்தில் மீசை போல அடர்ந்திருக்கும் மயிரையோ கொண்டு இதைச் சொல்லவில்லை. இறக்கையின் முன்விளிம்பை அடுத்து, நுனிப்பக்கமாக, நரம்புகளால் அடைபட்ட அறைகள் இதில் மூன்று இருக்கின்றன. பார்வைக்கு இதைப் போலவே தோன்றும் ஃபிலோடிகஸ் பேரினத்தில் இரண்டுதான். நல்லவேளையாக வெயில் இறக்கையை ஊடுருவிய நொடியில் நீ படம் எடுத்திருக்கிறாய்.

அதற்கு மேல், எந்தச் சிற்றினம் என்று நான் சொல்ல மாட்டேன். கொள்ளைக்கார ஈக்களின் குடும்பம் உலகில் 7,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளது. ஒரே பேரினத்துக்குள் பல சிற்றினங்களைப் பிரித்துக் காட்டுவது ஆணின் வயிற்று நுனியிலுள்ள கிடுக்கி போன்ற உறுப்பின் வடிவமே. அதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எழுதிய அடையாளக் குறிப்புகளை, இரண்டு முழ தூரத்திலிருந்து எடுத்த படத்தோடு பொருத்திப் பார்ப்பது பெரும்பாலும் ஊகமாகவே முடிகிறது. நானும் அந்த ஊகத்தில் விழுந்தவன்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்துக்கு இணையத்தில் பார்த்த ஒற்றுமையை மட்டும் நம்பி முழுப் பெயர் எழுதினேன், விவரம் அறிந்த பெரியவர் ஒருவர், "ஆணின் நுனியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோதுதான் படத்திலிருப்பது பெண் என்பதையே கவனித்தேன்.

மற்ற படங்களில் சில எளியவை. உணர்கொம்பின் நுனி இறகு போலக் கிளைத்திருக்கும் சிறியது ஓமேஷியஸ் பேரினத்தை ஒட்டிய கூட்டம். ஈர்க்குச்சி போன்ற வயிற்றோடு புல்லில் தொங்குவது லெப்டோகேஸ்டர் வகை. நீ கருவண்டு, அதாவது மரத்தைக் குடையும் பெரிய கருந்தேனீ, என்று ஒதுக்கி வைத்த இருபத்திரண்டாம் படம்தான் என்னைத் துள்ள வைத்தது. கருவண்டுக்கு இறக்கை இரண்டு சோடி, இதற்கோ ஒரு சோடிதான் இருக்கிறது, கொள்ளைக்கார ஈக்களைப் போல இரு கண்களுக்கிடையே உச்சந்தலை பள்ளமாகவும் இருக்கிறது. அப்படியானால் அது வண்டல்ல, கருவண்டின் வேடம் போட்ட ஹைப்பரேகியா என்ற கொள்ளைக்கார ஈ. இதன் புழுக்கள் அந்த வண்டு மரத்தில் குடைந்த கூட்டுக்குள்ளேயே வளர்ந்து, அதன் குஞ்சுகளைத் தின்பவை. எந்த மரத்தின் அருகே எடுத்தாய் என்று உடனே எழுது.

இனி எடுக்கும்போது ஒரே ஈயை நான்கு கோணத்தில் எடு: முகம் நேராக, உடல் பக்கவாட்டில், இறக்கை மேலிருந்து, வயிற்றின் நுனி தனியாக. கொள்ளைக்கார ஈ இரையைத் துரத்திப் போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வருவதால், பதறாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஃப்ளாஷ் போடாதே, வெளிர்மஞ்சள் மயிரை அது வெள்ளையாக்கிவிடும், அடையாளக் குறிப்புகளோ மீசை வெள்ளையா மஞ்சளா என்றுதான் கேட்கின்றன. வாயில் இருக்கும் இரையையும் விட்டுவிடாதே. அது ஈயின் பெயரைச் சொல்லாது என்றாலும், எது எதைத் தின்கிறது என்ற குறிப்பு தனியே பயன்படும்.

ஆவணியில் அம்பாசமுத்திரம் வருகிறேன். அதற்குள் பதினேழாம் எண் ஈயின் ஆண் அந்த மூங்கில் கழிக்கு வந்தால், வால் நுனியை மட்டுமாவது எடுத்து வை. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்