பிரஷர் மாத்திரையை நிறுத்தியவனின் நன்றி மடல்

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் வீட்டோடு அப்பளம் போட்டு விற்கும் ஆள் நான். வயது 54. போன பங்குனியில் ஒருநாள் காலை உளுந்து மாவை உருட்டிக்கொண்டிருந்தபோது வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உருண்டை நழுவி விழுந்தது. தண்ணி கேட்க வாயெடுத்தால் நாக்கு குழறியது. கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று பாயைத் தேடினேன்.

படுக்க விடாதவர் எங்களிடம் அப்பளம் தேய்க்க வரும் அக்கா. முதல் நன்றி அவருக்கு. "சிரி தம்பி" என்றார், "ரெண்டு கையையும் தூக்கு" என்றார். வாய் ஒரு பக்கம் கோணியது, வலது கை பாதியிலேயே இறங்கிவிட்டது. அவர் தெருவில் இறங்கிக் கத்திய கத்தலில் ஓர் ஆட்டோ நின்றது. ஏற்றிவிடும் முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை மனதில் வைத்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று. பக்கவாதத்தில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். அடைப்பில்லாமல் ரத்தக்கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் முதலில் தலைக்கு ஸ்கேன்.

எனக்கு ஊசி தேவைப்படவில்லை. வைகைப் பாலம் தாண்டும்போதே பேச்சு தெளிந்துவிட்டது. தப்பித்தோம் என்று செருப்பை மாட்டிக் கிளம்பப் பார்த்தவனை உட்கார வைத்த அந்த இளம் டாக்டர் அம்மாவுக்கும் நன்றி. அப்போது என் பிரஷர் 192/112. "வந்துட்டுப் போயிருச்சுன்னு நினைக்காதீங்க. பக்கவாதம் பெரிசா வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் எட்டிப் பார்க்கும். அடுத்த ரெண்டு நாள்தான் ரொம்ப ஆபத்து" என்றார்.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு பிரஷர் இருப்பது முன்பே தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீடுவீடாக வரும் தங்கச்சிதான் வாசலில் வைத்துக் கண்டுபிடித்தது. மாதாமாதம் மாத்திரையும் கொண்டுவந்து தந்தது. சில மாதத்தில் 130/80க்கு இறங்கியது. அதான் குணமாகிவிட்டதே என்று நிறுத்திவிட்டேன். இறக்கிவைத்ததே மாத்திரைதான் என்று தோன்றவில்லை. தலைசுற்றலோ வலியோ இருந்திருந்தால் பயந்திருப்பேன்; இந்த வியாதி அந்த உபகாரத்தைச் செய்வதில்லை. கால் வேறு வீங்கியது. அம்லோடிபின் என்ற அந்த பிரஷர் மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும், சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தங்கச்சி மனசு நோகக்கூடாது என்று வாங்கி வாங்கி, மாவில் சேர்க்கும் அப்பளக்காரம் வைக்கிற டப்பாவில் போட்டுவைத்தேன்! நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அந்தத் தங்கச்சி வந்து, "அண்ணே, அந்த டப்பாவை எடுங்க" என்றது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இத்தனை வருசமாக ஓயாமல் அடித்த அழுத்தத்தில் இதயத்தின் சுவர் தடித்திருப்பதாக எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்தது. சிறுநீரகத்தையும் கண்ணையும் பார்த்தார்கள். அங்குள்ள நூல் போன்ற குழாய்களைத்தான் இது சத்தமில்லாமல் கெடுக்குமாம். அவை நன்றாக இருக்கின்றன.

நர்சிங் படிக்கும் என் தங்கை மகளுக்குத் தனி நன்றி. நான் டீயைக் குடித்த கையோடு, வியாபாரப் பேச்சு பேசிக்கொண்டே கையை நீட்டி அளப்பேன். அதெல்லாம் கணக்கே இல்லை என்று சொல்லிவிட்டாள். டீ குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும், ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும், சாய்ந்து உட்கார்ந்து 5 நிமிடம் வாயைத் திறக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தரம் பார்க்க வேண்டும். கடன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்போது என் பிரஷர் கணக்கு ஓடுகிறது. நேற்று 128/78.

சாப்பாட்டில்தான் சண்டை. ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன். "உப்பைக் குறைச்சிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னபோது, "அப்பளக்காரமும் சோடியம்தான் மாமா" என்று சிரித்தாள். முப்பது வருசமாக ஒவ்வொரு மாவையும் நாக்கில் வைத்துப் பார்த்தவன் நான். ருசி பார்க்கும் வேலை இப்போது என் வீட்டுக்காரிக்கு. கருவாட்டையும் ஊறுகாயையும் என் கண்ணில் படாமல் சாப்பிடுகிறாளே, அதற்கும் நன்றி.

கடைசியாக, காசு வாங்காமல் போய்விட்ட ஆட்டோக்கார அண்ணனுக்கு. உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை. எங்கள் தெருப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள். ஒரு கட்டு அப்பளம் எடுத்துவைத்திருக்கிறேன். ஆனால் 5 நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, உங்கள் பிரஷரைப் பார்த்த பிறகுதான் தருவேன்.