விரலை எடுக்காவிட்டாலும் உள்ளே போகும் பிளேடு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிவகாசியில் 22 ஆண்டாக பைண்டிங் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் பேப்பர் பண்டலைக் கட்டரால் பிரித்தான். டேப் சட்டென்று அறுந்ததில் பிளேடு தொடையில் இறங்கிவிட்டது. ஐந்து தையல்.

முப்பது ரூபாய் கட்டரில் தள்ளும் பட்டன் தேய்ந்தால் பிளேடு நிற்காது. சட்டைப்பையிலேயே நழுவி வெளியே வரும்.

முனையை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் இந்தக் கட்டரை 1956-ல் ஒசாகாவில் உருவாக்கிய யோஷியோ ஒகாடாவும் அச்சகத்தில் வேலை பார்த்தவர்தான். இப்போது ஸ்பிரிங் வைத்தும் வருகிறது. ஒரு வகையில் பட்டனிலிருந்து விரலை எடுத்தால்தான் பிளேடு உள்ளே போகும். கை நழுவும்போது யாருக்கு விரலை எடுக்கத் தோன்றும்? இன்னொரு வகையில், விரல் அழுத்திக்கொண்டே இருந்தாலும், பிளேடு அட்டையை விட்டு விலகியதுமே தானாக உள்ளிழுத்துக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

விலை சில நூறு ரூபாய். தீபாவளி போனஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்றுகூட முதலாளியிடம் சொன்னேன், சிரித்தார். காலண்டர் சீசன் தொடங்குவதற்குள் மற்ற பட்டறைக்காரர்களாவது யோசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒடித்த துண்டுகளைப் போட மூடியுள்ள டப்பா கேட்டதற்கு, ஒரு பழைய மை டப்பா கிடைத்திருக்கிறது.

– பைண்டிங் தொழிலாளி, சிவகாசி