வயது மட்டும் போதும், பெயர் வேண்டாம்: ஆஃப்காமுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்க்காமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பதை 2025 ஜூலை 25 முதல் கட்டாயமாக்கினீர்கள். பள்ளிக்கூடம் போகும் பையன் இருக்கிற வீடு எங்களுடையது. 'எனக்கு 18 வயது ஆகிவிட்டது' என்ற பொத்தானை அமுக்கினால் கதவு திறந்துகொண்ட கூத்துக்கு முடிவு கட்டியதில் எனக்குச் சந்தோஷம்தான். இதே வேலைக்கு 2017இல் சட்டம் போட்டுவிட்டு 2019இல் கைகழுவிய நாடு இது. இந்த முறையாவது செய்தீர்களே.

என் வழக்கு வேறு. இப்போது தளத்துக்குள் போகப் பார்த்தால், முகத்தைக் கேமராவுக்குக் காட்டு, இல்லை பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பு, இல்லை கிரெடிட் கார்டு எண்ணைக் கொடு என்கிறது. அதை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் தளம்கூட இல்லை, நாம் பெயரே கேள்விப்பட்டிராத மூன்றாவது நிறுவனம். அது தரவை என்ன செய்கிறது என்பதைத் தகவல் ஆணையர் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்பது உங்கள் ஏற்பாடு. கேட்கச் சொன்னது நீங்கள். காக்க வேண்டியது மட்டும் இன்னொருவரா?

பயம் கற்பனையல்ல. 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவர்களுக்கு வேலை செய்த வெளி நிறுவனம் ஒன்றில் புகுந்தவர்கள் கையில், சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் சிக்கியிருக்கலாம் என்றது. வயது குறித்து முறையிட்டவர்கள் அனுப்பிய படங்கள் அவை. அது வெறும் அரட்டைத் தளம். ஆபாசத் தளத்துக்காகக் கொடுத்த பாஸ்போர்ட் இப்படிக் கசிந்தால், சட்டப்படி எந்தத் தப்பும் செய்யாத மனிதன் தலைகாட்ட முடியாது. லண்டன் ஹாரோவில் காலையில் நடந்தது மாலைக்குள் யாழ்ப்பாணத்துச் சித்தப்பா வரை போய்விடுகிற எங்கள் சமூகத்தில் கேட்கவே வேண்டாம்.

அதே வேளையில், துடியான பிள்ளைகளை இது முழுதாய்த் தடுக்கவும் இல்லை. விதி அமலுக்கு வந்த வாரமே, எந்த நாட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் செயலிகள் ஆப் ஸ்டோரில் மேலே ஏறின. வீடியோ கேம் பாத்திரத்தின் முகத்தைக் காட்டியே டிஸ்கார்டின் முகச் சோதனையைத் தாண்டினார்கள் சிலர். சட்டத்தை மதித்து உண்மையான பாஸ்போர்ட்டை நீட்டியவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

பிரான்சைப் பாருங்கள். உங்களைப் போன்ற அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையமான ஆர்காம் 2024 அக்டோபரில் வகுத்த விதிப்படி, இரட்டை மறைப்பு உள்ள ஒரு வழியையாவது ஆபாசத் தளங்கள் தந்தாக வேண்டும். வந்தவர் யாரென்று தளத்துக்குத் தெரியாது. அவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று வயதைச் சரிபார்த்தவருக்குத் தெரியாது. கைக்கு வருவது 'வயது வந்தவர்' என்ற சீட்டு மட்டும். அங்கும் சிக்கல் இல்லாமலில்லை. பெரிய தளம் ஒன்று 2025 ஜூனில் கோபித்துக்கொண்டு கடையை மூடியது. அதற்காக வழி தப்பாகிவிடாது.

நான் கேட்பது இதுதான். அந்த இரட்டை மறைப்பை இங்கும் கட்டாயமாக்குங்கள். வயதைப் பார்த்து முடித்ததும் படத்தை அழித்தார்களா என்று வெளியாரை வைத்துத் தணிக்கை செய்து, முடிவைப் பெயரோடு வெளியிடுங்கள். விதி மீறும் தளத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் போடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. சரிபார்க்கும் நிறுவனங்கள் மேலும் அப்படியொரு பிடி வேண்டுமென்றால், அதை நாடாளுமன்றத்திடம் கேட்டு வாங்குங்கள். செய்வீர்களா, மாட்டீர்களா என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஹாரோவிலிருந்து ஒரு தகப்பன்